இடைவெளி தொழிலாளியின் குற்றமா?

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் பகுதிகளிலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போகிற இளைஞர்கள் இன்று கையில் இரண்டு காகிதங்களுடன் பஸ் ஏறுகிறார்கள். ஒன்று ஆதார் அட்டை. மற்றொன்று, கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்து அடித்து வாங்கிய 'பயோடேட்டா'. எந்த இடத்தில், எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தாய், எப்போது விலகினாய், ஏன் விலகினாய் என்பதையெல்லாம் அந்தத் தாள் சொல்ல வேண்டும்.

நான்கு வருஷத்தில் ஐந்து இடத்தில் வேலை. நடுவில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று வெற்றிடம். இதைக் கண்டதும் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி முகத்தைச் சுளிக்கிறார். "ஓரிடத்தில் நிற்காத ஆள்" என்று தீர்ப்புக் கூறுகிறார். ஒன்று, வேலை இல்லை என்கிறார்; அல்லது கூலியைக் குறைத்துப் பேசுகிறார். இளைஞனும் ஏதோ குற்றம் செய்துவிட்டவனைப் போலத் தலை குனிகிறான். அடுத்த முறை கம்ப்யூட்டர் சென்டரில், "இடைவெளி தெரியாமல் தேதியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்கிறான்.

நாம் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கூலி உயர்வு, போனஸ், நிலம், தண்ணீர் இவற்றைப் பற்றி எழுதுகிற பத்திரிகையில் பயோடேட்டாவுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். ஆனால் அந்தத் தாளில் விழுந்திருக்கும் வெற்றிடத்துக்குப் பின்னால் முதலாளி வர்க்கத்தின் ஒரு பெரிய தந்திரம் ஒளிந்திருக்கிறது. அதைத் தொழிலாளி மக்கள் முன் வைப்பது நம் கடமை.

இடைவெளியை உண்டாக்கியவர் யார்?

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஒரு போகம். தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் விவசாயத் தொழிலாளிக்கு வயலில் வேலை கிடையாது. கடலோரத்திலோ, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனம் பெருக அது அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த 61 நாளும் படகில் கூலிக்குப் போகிறவனின் அடுப்பு எரிய வேண்டுமல்லவா? அவன் கட்டட வேலைக்கும், மூட்டை தூக்கவும் ஊர் ஊராகப் போகிறான். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்று, மாதக் கணக்கில் அங்கே சிறையில் இருந்து திரும்பியவர்களும் நம் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தது. தென்னை சாய்ந்தது, படகு உடைந்தது, கூரை பறந்தது. வெளியூரில் வேலையில் இருந்தவன் ஓடிவந்து தாய் தகப்பனுக்குக் கூரை போட்டுக் கொடுக்கவே மாதங்கள் ஆயின. திரும்பிப் போனபோது அவன் இடத்தில் வேறு ஆள். 2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு. மில் மூடியது, பனியன் கம்பெனி மூடியது. அந்த ஆண்டில் இடைவெளி இல்லாத தொழிலாளி இந்த நாட்டில் எத்தனை பேர்?

பெண்களின் நிலை இன்னும் மோசம். பிரசவம், பிள்ளை வளர்ப்பு, வீட்டில் நோயாளி, வயதானவர் பராமரிப்பு இவை அத்தனையும் அவர்கள் தலையில். 1961-ம் வருஷத்துப் பிரசவ உதவிச் சட்டம், அதற்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் சம்பளத்துடன் லீவு உண்டு என்றது. 2017-ல் அந்த லீவு 26 வாரமாக உயர்ந்தது. சட்டம் நல்லதுதான். ஆனால் பெயரே ஏட்டில் ஏறாத செக்கிங் வேலைப் பெண் எந்த 80 நாளைக் காட்டுவாள்? வேலையை விட்டு ஊருக்கு வருகிறாள். பிறகு அந்த இரண்டு வருஷத்தை, "சும்மா வீட்டில் இருந்தாள்" என்று எழுதுகிறார்கள்!

இவையெல்லாம் வானமும் கடலும் குடும்பமும் உண்டாக்கும் இடைவெளிகள். ஆனால் மிகப் பெரும்பான்மையான இடைவெளிகளை உண்டாக்குகிறவர் முதலாளிதான். காண்டிராக்ட் முடிந்தது என்று வெளியே அனுப்புகிறார். ஆர்டர் இல்லை என்று அனுப்புகிறார். ஒரு மாதம் ஊருக்குப் போய் வா என்று அனுப்பி, திரும்பி வந்ததும் புது ஆளாக, புது நம்பரில் சேர்த்துக்கொள்கிறார். இடைவெளியைத் தானே உண்டாக்கிவிட்டு, "ஏன் இடைவெளி?" என்று தொழிலாளியையே கேட்கும் நியாயம் எந்த ஊர் நியாயம்?

தந்திரம் புதியதல்ல

இந்தத் தந்திரத்துக்கு நம் மண்ணிலேயே பழைய உதாரணம் உண்டு. 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் அமையும் வரை அறந்தாங்கிப் பகுதி தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் காலத்துப் பண்ணையாளுக்கு வேலையில் இடைவெளியே கிடையாது. விடிவதற்கு முன் வயலில் இறங்கி, இருட்டிய பிறகு கரையேறினான். அவன் பிள்ளை மாடு மேய்த்தான். தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணை. அப்போது எந்த மிராசுதாரும், "ஓரிடத்தில் நிற்காத ஆள்" என்று அவனைக் குறை கூறவில்லை. நின்ற இடத்திலேயே கட்டிப் போட்டிருந்தார்கள்.

செங்கொடியின் கீழ் பண்ணையாட்கள் திரண்டு போராடிய பிறகு, 1952-ல் தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது, இன்ன கூலி தரவேண்டும் என்று வந்தது. உடனே மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? "நீ பண்ணையாள் அல்ல, இனிமேல் தினக்கூலி" என்றார்கள். நிரந்தரத்துக்கு உரிமை என்று சட்டம் சொன்னதும், நிரந்தரத்தையே ஒழித்துவிட்டார்கள். கட்டிப் போட்டபோதும் லாபம் அவர்களுக்கு; அவிழ்த்து விட்டபோதும் லாபம் அவர்களுக்கு.

ஆலைகளிலும் இதே கதைதான். விடிந்ததும் ஆலை வாசலில் பதிலித் தொழிலாளிகள் காத்து நிற்பார்கள். இன்று யாருக்கு வேலை என்பது மேஸ்திரியின் கண்ணசைவில் இருந்தது. மேஸ்திரி மூலம் ஆள் எடுப்பதால் விளையும் லஞ்சத்தையும் அக்கிரமத்தையும் 1931-ல் வெளிவந்த விட்லி கமிஷன் அறிக்கையே எடுத்துக் காட்டியது. வெள்ளைக்கார சர்க்கார் நியமித்த கமிஷனுக்கே அது தாங்கவில்லை! மேஸ்திரியின் இடத்தில் இன்று காண்டிராக்டர் வந்திருக்கிறார். வாசலில் நின்றவன் இன்று செல்போனைப் பார்த்துக்கொண்டு விடுதியில் உட்கார்ந்திருக்கிறான். மாறியது அவ்வளவுதான்.

240-ம் 480-ம்

முதலாளி எந்த நாளில் அனுப்புகிறார் என்பதைக் கவனித்தால் விஷயம் விளங்கிவிடும்.

1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தவன் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவனாகக் கருதப்படுவான். அவனை ஆட்குறைப்புச் செய்வதானால் ஒரு மாத நோட்டீசும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் நஷ்டஈடும் தரவேண்டும் என்றாயிற்று. தமிழ்நாட்டில் 1981-ல் மற்றொரு சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தால் அந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இவை தானாக வந்தவையல்ல. தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்திப் பெற்றவை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு மாதம் வேலை, ஒரு மாதம் ஓய்வு. பிறகு வேறு காண்டிராக்டர் பெயரில் ஏழு மாதம். ஒரே மில், ஒரே மிஷின், ஒரே ஆள். ஆனால் ஏட்டில் 240-ம் நிறைவதில்லை, 480-ம் நிறைவதில்லை. பயோடேட்டாவில் விழுகிற வெற்றிடம் இப்படித்தான் உற்பத்தியாகிறது. நூல் உற்பத்தியாகிற அதே ஆலையில் அதுவும் உற்பத்தியாகிறது!

சர்க்கார் இதை அறியாமல் இல்லை. 1984 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம், தொழிலாளியை நிரந்தர அந்தஸ்திலிருந்து விலக்கி வைக்கும் நோக்கத்துடன் வருஷக் கணக்கில் பதிலியாகவும் தற்காலிகமாகவும் வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று அறிவித்தது. அதே ஆகஸ்டில் வந்த இன்னொரு திருத்தமோ, குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பே அல்ல என்றது. ஒரு கையால் கொடுத்து, மறு கையால் பிடுங்கிக்கொண்டார்கள்.

29 சட்டங்களைச் சுருட்டி மத்திய சர்க்கார் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ளன. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் எடுப்பதை அவை பகிரங்கமாக அனுமதிக்கின்றன. எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. ஓராண்டு முடித்தால் கிராஜுவிட்டி உண்டு என்பதைப் பெரிதாகச் சொல்கிறார்கள். பதினொரு மாதத்தில் அனுப்புகிற முதலாளியை யார் தடுப்பது? விவசாயத் தொழிலாளியையும் விடவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஊரக வேலைச் சட்டம், 100 நாளை 125 நாள் ஆக்குவதாகச் சொல்லிக்கொண்டே, விதைப்பும் அறுப்பும் நடக்கும் பருவத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்க வழி செய்திருக்கிறது. இடைவெளியையே சட்டமாக்கிவிட்டார்கள்!

ஒரு துண்டுக் காகிதத்தின் பலம்

இந்த நிலையில் தொழிலாளி செய்யக்கூடியது என்ன? இரண்டு வழக்குகளைச் சொல்கிறோம், கவனமாகப் படியுங்கள். இரண்டும் கர்நாடகத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனவை. இரண்டிலும் தொழிலாளி தினக்கூலி.

2002-ல் தீர்ப்பான வழக்கில், 240 நாளுக்கு மேல் வேலை செய்தேன் என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார். சம்பளம் வாங்கிய ரசீது இல்லை, வேலைக்கு எடுத்த உத்தரவு இல்லை. நாள் கணக்கை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியினுடையது, அவர் வாய்ச்சொல் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். தொழிலாளி தோற்றார்.

2005 நவம்பரில் தீர்ப்பான வழக்கில், மற்றொரு தினக்கூலித் தொழிலாளி தான் வேலை செய்த காலத்தைக் காட்டும் ஒரு சான்றிதழை அதிகாரியிடமிருந்து வாங்கி வைத்திருந்தார். கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். மஸ்டர் ரோலைக் கொண்டுவா என்று நிர்வாகத்தைக் கேட்டார். நிர்வாகத்தால் முழுக் கணக்கைக் காட்ட முடியவில்லை. தொழிலாளி வென்றார்.

இருவரும் உழைத்தவர்கள்தான். ஒருவரிடம் காகிதம் இருந்தது; மற்றவரிடம் இல்லை. தோழர்களே, முதலாளியிடம் கணக்குப்பிள்ளை இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், அலமாரி நிறைய ஏடு இருக்கிறது. நமக்கு நாமே கணக்குப்பிள்ளை. ஆகவே, பயோடேட்டா எழுதும் விஷயம் பயோடேட்டாவில் தொடங்குவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டில் தொடங்குகிறது. சேர்ந்த தேதி, மில்லின் பெயர், காண்டிராக்டரின் பெயர், செய்த வேலை, அன்றாட ஷிப்டு, வாங்கிய கூலி, நிறுத்திய தேதி, நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் இவற்றை எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எப். நம்பர், விடுதி ரசீது எதையும் எறியாதீர்கள்.

புதிய சட்டத் தொகுப்பிலும் நமக்குப் பயன்படுகிற இரண்டு விஷயங்கள் உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும். காண்டிராக்ட் தொழிலாளி கேட்டால், அவன் செய்த வேலையைக் குறிப்பிட்டுக் காண்டிராக்டர் அனுபவச் சான்றிதழ் தரவேண்டும். கேட்டால்தான் தருவார்கள். எனவே கேளுங்கள். தனியாகக் கேட்டால் முறைப்பார்கள். பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.

எப்படி எழுதுவது?

முதலாவதாக, பொய்த் தேதி போடாதீர்கள். நாம் நேரில் அறிந்த ஒரு சம்பவம். நம் வட்டாரத்து இளைஞன் ஒருவன் ஏழு மாத இடைவெளியை மறைக்க, பழைய மில்லில் கூடுதலாக ஏழு மாதம் இருந்ததாக எழுதினான். மற்றொரு மில்லில் வேலையும் கிடைத்தது. அங்கே பி.எப். கணக்கைத் திறந்து பார்த்தபோது பழைய மில்லில் விலகிய தேதி பளிச்சென்று தெரிந்தது. "பொய் சொன்னவன்" என்று அன்றே வெளியே அனுப்பினார்கள். அவனுக்காகப் பேசப் போன யூனியன்காரர்களின் கையும் கட்டப்பட்டுவிட்டது. அந்த இடைவெளி வந்தது அவன் தவறால் அல்ல. பழைய மில் ஷிப்டைக் குறைத்ததால். உண்மையை எழுதியிருந்தால் அது நிர்வாகத்தின் மேல் குற்றச்சாட்டாக இருந்திருக்கும். பொய்யை எழுதியதால் அவன் மேல் குற்றச்சாட்டு ஆகிவிட்டது.

இரண்டாவதாக, இடைவெளியைக் காரணத்தோடு ஒரே வரியில் எழுதுங்கள். "ஒப்பந்தம் முடிந்தது", "ஆலையில் கதவடைப்பு", "ஆர்டர் இல்லாமல் ஷிப்டு குறைப்பு", "கஜா புயல், வீடு கட்டும் வேலை", "பிரசவம்", "தகப்பனாருக்கு வைத்தியம்". இவ்வளவு போதும். கெஞ்சலும் வேண்டாம், நீண்ட கதையும் வேண்டாம். நோய், அனுமதி பெற்ற லீவு, விபத்து, சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றுபோதல் இவற்றால் சர்வீஸ் அறுபடுவதில்லை என்று பழைய சட்டமும் சொன்னது, புதிய தொகுப்பும் சொல்கிறது. சட்டமே குற்றமாகக் கருதாத ஒன்றுக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? எல்லாவற்றையும் எழுதியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, இடத்தைப் பிரதானமாக்காதீர்கள்; தொழிலைப் பிரதானமாக்குங்கள். ஐந்து மில்லில் ஏழேழு மாதம் என்று ஐந்து துண்டாக எழுதினால் சில்லறையாகத் தெரியும். "நூற்பாலை ரிங் பிரேம் பிரிவில் மொத்தம் 35 மாத அனுபவம்" என்று தலைப்பில் எழுதி, அதன் கீழ் ஐந்து இடத்தையும் தேதியுடன் வரிசைப்படுத்துங்கள். ஒரே காண்டிராக்டர் மூன்று இடத்துக்கு அனுப்பியிருந்தால் அதை ஒரே வேலையாக, காண்டிராக்டர் பெயரில் எழுதுங்கள். அப்போது படிக்கிறவனுக்கு ஓடுகாலி தெரியமாட்டான். தொழில் தெரிந்தவன் தெரிவான்.

நான்காவதாக, ஊரில் செய்த உழைப்பையும் உழைப்பாகவே எழுதுங்கள். நாற்று நட்டது வேலை இல்லையா? வலை இழுத்தது வேலை இல்லையா? "2023 ஜனவரி முதல் மார்ச் வரை சொந்த ஊரில் அறுவடை வேலை" என்று எழுதுவதில் என்ன இழுக்கு? விசைப்படகில் இஞ்சின் பார்த்தவனுக்கு மிஷின் அறிவு இருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டவன் உழைப்பு என்று ஒப்புக்கொள்ளாததையெல்லாம் நாமே சும்மா இருந்த காலம் என்று எழுதிக் கொடுப்பது, நம்மை நாமே தாழ்த்திக்கொள்வதாகும்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு வேலை மாற்றத்திலும் பி.எப். பென்ஷன் தொகையை உருவிக்கொள்ளாதீர்கள். பென்ஷனுக்குப் பத்தாண்டு சர்வீஸ் வேண்டும். துண்டு துண்டான சர்வீசைச் சேர்த்துத்தான் அந்தப் பத்தாண்டு நிறைய வேண்டும். எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த சர்வீஸ் போயிற்று. பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

சில ஆட்சேபணைகள்

"அடிக்கடி மாறுகிறவனுக்கு வேலை பழக்கி நஷ்டப்படுகிறோம்" என்கிறார்கள் முதலாளிகள். பழக்குவதற்குச் செலவாகிறது என்பது உண்மைதான். அப்படியானால் பழகிய ஆளை ஏன் ஏழாவது மாதத்தில் அனுப்புகிறீர்கள்? நிரந்தரம் கொடுங்கள், எவன் ஓடுகிறான் பார்ப்போம். தாமாக விலகுகிறவர்களும் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலையும், விடுதியின் பூட்டிய கதவும், பிடித்தம் போகக் கைக்கு வரும் சொற்பக் கூலியும் அவர்களைத் துரத்துகின்றன. நல்ல கூலி கிடைக்கும் இடத்துக்கு மாறுவது தொழிலாளியின் உரிமை. சரக்கை அதிக விலைக்கு விற்கிற முதலாளியை யாரும் "நிலையில்லாதவர்" என்று சொல்வதில்லையே!

நம் தோழர்களிலும் சிலர், "காகிதத்தைத் திருத்தினால் வேலை வந்துவிடுமா? இது தனி மனித விவகாரம்" என்று நினைக்கலாம். காகிதம் வேலையை உண்டாக்காது என்பது சரி. நன்றாக எழுதிய பயோடேட்டா ஒருவனை வரிசையில் முன்னே தள்ளலாம். வரிசையின் நீளத்தைக் குறைக்காது. வேலை எல்லோருக்கும் உரிமை ஆகிற சமுதாயம் வந்தால்தான் வரிசை ஒழியும். ஆனால் ஒரே ஆலையில் வேலை செய்த நூறு பேரின் நோட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், நூறு பேரும் ஏழாவது மாதத்தில்தான் வெளியேற்றப்பட்டார்கள் என்பது நிரூபணமாகும். தனித்தனியாக இருந்தபோது வெட்கமாக இருந்தது, சேர்ந்தபோது சாட்சியமாகிறது. அது எப்படித் தனி மனித விவகாரம் ஆகும்?

நம் கோரிக்கைகள்

வேலையில் சேரும் நாளிலேயே தமிழில் நியமனக் கடிதம் வேண்டும். விலகும் நாளில், கேட்காமலேயே சர்வீஸ் சான்றிதழ் வேண்டும். தற்காலிகத் தொழிலாளர் ஒவ்வொருவரும் வேலை செய்த நாள் கணக்கை மாதாமாதம் ஆலை வாசலில் ஒட்ட வேண்டும். 480 நாள் சட்டத்தைத் தொழிலாளர் துறை தானே முன்வந்து அமல் நடத்த வேண்டும். காண்டிராக்டர் பெயரை மாற்றிப் போக்குக் காட்டுவதைத் தடுக்க வேண்டும். வேலையில்லாத காலத்துக்கு விவசாயத் தொழிலாளிக்கும் மீன்பிடித் தொழிலாளிக்கும் ஜீவனத்துக்குப் போதிய நிவாரணம் வேண்டும்.

இவை கிடைக்கும் வரை நாம் சும்மா இருக்கப் போவதில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் ஊர் தோறும், வெளியூர் வேலைக்குப் போகிறவர்களின் பட்டியலை எடுக்கட்டும். புறப்படும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டுக் கொடுத்து அனுப்பட்டும். பண்டிகைக்கு ஊர் திரும்பும்போது அந்த நோட்டுகளைச் சேர்த்துப் படித்து, ஆலைப் பகுதிகளில் உள்ள யூனியன்களுக்கு விவரம் அனுப்பட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த தோழர்கள், தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கட்டும்.

தொழிலாளித் தோழர்களே! உங்கள் நாட்களை நீங்களே எண்ணுங்கள்! எண்ணியதை எழுதி வையுங்கள்! எழுதியதை ஒன்று சேருங்கள்!